இடம் மாறிய வண்ணக் கண்ணாடி

ஈயப் பட்டையில் வண்ணத் துண்டுகளைக் கோத்துச் செய்த பழைய சன்னல் ஒன்றை வாங்கி, பழுது பார்த்து, வேறொரு வீட்டில் பொருத்துபவர், தெரிந்தோ தெரியாமலோ இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறார். பாதியைப் புதிதாக்கிய பிறகும் அது அதே சன்னல்தானா? தேவாலயத்தில் இருந்த சன்னல் என்றால், அங்கிருந்த புனிதமும் அதோடு வண்டியேறி வந்துவிடுமா? முதலாவதைத் தத்துவவாதிகள் நெடுநாளாகப் பேசி வருகிறார்கள். இரண்டாவதற்கு ஒவ்வொரு சமயமும் தனி விதி வைத்திருக்கிறது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பழைய வீடுகளுக்கு இந்தக் கண்ணாடி சொந்தமானதல்ல. நிறுத்திவைத்த கருங்கல் பலகை, மண்சுவர், நாட்டு ஓடு என்பதுதான் இங்கத்திய கட்டுமானம். ராஜாஜி 1878-ல் பிறந்த தொரப்பள்ளி வீடும் ஆடம்பரமில்லாத ஓட்டு வீடே. சேலம் கலெக்டராக இருந்த பிரெட் 19-ஆம் நூற்றாண்டில் ஓசூரில் ஆங்கிலேயக் கோட்டை போலக் கட்டிய கெனில்வொர்த் மாளிகை விதிவிலக்கு. அதுவும் இடிந்து போயிற்று. ஆகவே இங்கே பழைய வீட்டைப் புதுப்பிப்பவர் வண்ணக் கண்ணாடி வைக்க ஆசைப்பட்டால், அது வெளியிலிருந்துதான் வரவேண்டும். தெற்கே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. வடக்கே, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே இடிபட்ட பங்களாக்களின் மிச்சம் கிடைக்கும். எந்தத் திசையில் போனாலும், ஒரு வீடு சிதைந்தால்தான் இன்னொரு வீட்டுக்குச் சன்னல்.

செட்டிநாட்டிலிருந்து வருவது பெரும்பாலும் நிலைக்கு மேலே அரைவட்டமாகவோ சன்னலின் மேல்கட்டத்திலோ தேக்குச் சட்டத்தில் பொருத்திய சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் கண்ணாடி. அதில் உருவம் இருக்காது, பெரும்பாலும் ஈயமும் இருக்காது. எங்கிருந்து இறக்குமதியானாலும் அதைப் பெல்ஜியம் கண்ணாடி என்றே சொல்லிப் பழகிவிட்டது. தேவாலயச் சன்னல் வேறு ரகம்: புனிதரின் உருவம், விவிலியக் காட்சி, அடியில் காணிக்கை தந்தவரின் பெயர். முதலாவது வீட்டுச் சாமான், இரண்டாவது வழிபாட்டுப் பொருள் என்று பிரித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் தமிழ் வீட்டில் நிலை வைப்பதே ஒரு சடங்கு. மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, பூசை போட்டு நிறுத்திய வாசலுக்கு மேலே இருந்த கண்ணாடியை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. தவிர, அந்த வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுச் சொத்தாக இருக்கும். ஒருவர் விற்றதை மற்றவர்கள் ஒப்பினார்களா என்பது கடையில் கேட்டால் தெரியாது.

பழுது பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் முதல் கேள்வி தெளிவாகிறது. கண்ணாடி சீக்கிரம் கெடாது, கெடுவது ஈயம். நூறாண்டு வாக்கில் பட்டை வெடித்து, சன்னல் வயிறு தள்ளிவிடும். பழுது பார்ப்பவர் அதன்மேல் தாளை விரித்து, மெழுகுக் கட்டியால் தேய்த்து, ஈயக் கோடுகள் அத்தனையையும் படியெடுத்துக்கொள்வார். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். பிறகு பட்டையை வெட்டி, துண்டுகளை ஒவ்வொன்றாக விடுவிப்பார். பட்டையின் இரு பக்கமும் பள்ளம் இருக்கும். கண்ணாடியின் விளிம்பு அதற்குள் உட்காரும். புதுப் பட்டையில் பழைய வரிசைப்படி கோத்து, மூட்டுகளில் ஈயப்பற்று வைத்து, ஆளிவிதை எண்ணெயில் குழைத்த சாக்குத்தூள் மக்கை இடுக்குகளில் பிரஷால் தேய்த்து ஏற்றினால் மழைநீர் உள்ளே வராது.

ஆபத்து இருப்பது முகத்தில். கண், விரல், ஆடை மடிப்பு எல்லாம் இரும்பு ஆக்சைடும் கண்ணாடித் தூளும் கலந்த மையால் தீட்டிச் சூளையில் சுட்டவை. சூடு போதாமல் சுட்ட மை, ஈரப்பஞ்சு பட்டாலே கையோடு வந்துவிடும். அழுக்கு எடுக்கிற ஆர்வத்தில் ஒரு புனிதரின் முகம் ஒரு நிமிடத்தில் காணாமற்போனால், பிறகு எந்தக் கைவேலையும் அதைத் திருப்பித் தராது. (அடிப்பக்கம் தடிப்பாக இருக்கிறது, நூறு ஆண்டில் கண்ணாடி வழிந்து இறங்கியிருக்கிறது, அதுவே பழமைக்குச் சாட்சி என்று சில வியாபாரிகள் சொல்வதுண்டு. கண்ணாடி அப்படி வழிவதில்லை. கையால் ஊதிச் செய்த தகடு ஒரே தடிப்பில் வராது, அவ்வளவுதான்.)

ஆக, ஈயம் முழுக்கப் புதிது, மக்கு புதிது, உடைந்த இடங்களில் கண்ணாடியும் புதிது. அதே சன்னல் என்று எதை வைத்துச் சொல்வது? அச்சு தேரா, சக்கரம் தேரா என்று மிலிந்த மன்னனிடம் துறவி நாகசேனர் கேட்டதாகப் பௌத்த நூல் சொல்கிறது; உறுப்புகள் சேர்ந்த சேர்க்கைக்குத் தேர் என்று பெயர், தனியாகத் தேர் என ஒன்று இல்லை என்பது அவர் முடிவு. ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேரோட்டத்துக்கு வடம் பிடிக்க வருபவர்களுக்கு இந்தச் சங்கடமே கிடையாது. பழைய மரத்தை மாற்றிப் புது மரம் போட்டாலும் அது அதே தேர்தான். அதே சாமி ஏறி, அதே வீதியில், அதே ஊர் இழுத்து வருகிறது. மரத்தைவிட அது செய்யும் வேலைதான் அதை அதே தேராக வைத்திருக்கிறது. இந்தக் கணக்கைச் சன்னலுக்குப் போட்டால் விடை எதிர்பாராத பக்கம் விழுகிறது. ஈயத்தையும் துண்டுகளையும் மாற்றுவதால் சன்னலுக்குப் பெரிய நட்டம் இல்லை. கிழக்குச் சுவரிலிருந்து கழற்றி, காலை வெயிலையும் கீழே முழங்கால் போட்டவர்களையும் அதனிடமிருந்து பிரித்தபோதுதான் பெரிய நட்டம் நேர்ந்தது. அதைப் பழுது பார்த்துச் சரிசெய்ய முடியாது.

பழுது பார்ப்பதற்கென்று ஒரு நேர்மை உண்டு. 1964-ல் வெனிசில் வகுத்த பாதுகாப்புச் சாசனம், இழந்த பகுதிக்குப் பதிலாக வைப்பது மற்றவற்றோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து பிரித்தறியவும் முடியவேண்டும் என்கிறது. தூரத்தில் ஒன்றாகத் தெரிந்து, கிட்டே போனால் வேறாகத் தெரிவது நல்ல ஒட்டு. புதுத் துண்டுக்கு அழுக்கு பூசிப் பழசாக்குவது சன்னலைப் பற்றிப் பொய் சொல்வதாகும்.

இரண்டாவது கேள்விக்கு, ஒளியைச் சமயங்கள் எப்படிப் பார்த்தன என்பதிலிருந்து தொடங்கவேண்டும். பாரிஸுக்கு அருகே சென் தெனி மடாலயத் தலைவர் சூழேர், 1144-ல் அர்ப்பணித்த தம் ஆலயத்தின் புதுப் பகுதியில் வண்ணச் சன்னல்களை நிறைத்தார். பருப்பொருளின் ஒளி வழியாகவே மனம் மேலான ஒளிக்கு ஏறும் என்பது அவர் கருத்து. அவருக்கு வண்ணம் ஏணி. வடலூரில் வள்ளலார் 1872-ல் திறந்த சத்திய ஞான சபையில் ஜோதிக்கு முன்னே ஏழு திரைகள்: கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெண்மை, கலப்பு. தைப்பூசத்தன்று அவை ஒவ்வொன்றாக விலகினால்தான் தரிசனம். இங்கே வண்ணம் மறைப்பு. சைவ சித்தாந்தமோ படிகத்தைக் காட்டி மூன்றாவது வழி சொல்கிறது: படிகம் பக்கத்தில் வைத்த நிறத்தைக் காட்டும், ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும். மூன்று மரபும் ஓரிடத்தில் சேர்கின்றன. கண்ணாடியே புனிதம் என்று எதுவும் சொல்லவில்லை. வெயில் இறங்கிய பிறகு ஈயச் சன்னலை உள்ளேயிருந்து பார்த்தால் கரிய பலகைதான். அது வாங்கிக் கொடுப்பது இன்னொன்றின் ஒளியை.

அப்படியானால் எடுத்துப்போக உரிமை உண்டா? கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, வழிபாட்டுக்கென ஒதுக்கப்பட்ட பொருள் தனியார் கையில் இருந்தாலும் மரியாதையோடு நடத்தப்படவேண்டும், உலகியல் பயனுக்கு ஆகாது என்று 1171-ஆம் விதியில் சொல்கிறது. ஆலயத்தையே வழிபாட்டிலிருந்து விடுவிக்கவும் வழி இருக்கிறது. அதன்பின்னும் இழிவான பயனுக்கு விடக்கூடாது. சன்னல் பலிபீடம் அல்ல, கட்டடத்தின் உறுப்பு; ஆகவே விதி அதை நேராகத் தொடுகிறதா என்று வாதிடலாம். விதியின் நோக்கத்தைப் படித்தால், மாதாவின் முகத்தைக் குளியலறைக் கதவில் பொருத்துவது தவறு என்பதற்கு வாதம் தேவைப்படாது.

ஆகம மரபு இன்னும் துல்லியமானது. திருப்பணி தொடங்குமுன் மூர்த்தியின் கலையை, அதாவது தெய்வ ஆற்றலை, கும்பத்துக்கு மாற்றிப் பாலாலயம் செய்கிறார்கள். வேலை முடிந்து குடமுழுக்கில் திரும்பச் சேர்க்கிறார்கள். தெய்வம் கல்லை விட்டு விலகி நிற்க முடியும் என்பதை ஏற்றுக்கொண்டு வகுத்த முறை இது. விரல் நுனி போன்ற சிறு பின்னம் சரிசெய்யத் தக்கது. முக்கிய உறுப்பு சிதைந்தால் நீரில் விடவேண்டும். பின்னமானதை விற்கலாம் என்று ஒரு வழியை அந்த முறை வைக்கவே இல்லை.

விற்றால் என்ன ஆகும் என்பதற்குப் பத்தூர் நடராசர் சாட்சி. தஞ்சை மண்ணில் 1976-ல் கிடைத்த அந்தச் செப்புத் திருமேனியைக் கனடா நிறுவனம் ஒன்று 1982-ல் நல்லெண்ணத்தோடுதான் வாங்கியது. செப்பனிடப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பியபோது லண்டன் போலீஸ் கைப்பற்றியது. இடிந்து கிடந்த கோயிலே வழக்காடும் உரிமை உடையது என்று 1991-ல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது; நடராசர் தமிழகம் திரும்பினார். வாங்கியவரின் நல்லெண்ணம் உடைமையைத் தரவில்லை.

எல்லா இடமாற்றமும் களவல்ல. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் சிதறிய சென் தெனிக் கண்ணாடியில் சில இன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ரேமண்ட் பிட்கேர்ன் தமக்குக் கட்டிய கிளென்கேர்ன் மாளிகையில் இருக்கின்றன. அது இப்போது அருங்காட்சியகம். எந்த ஆலயத்து எந்தச் சன்னலின் துண்டு என்று தெரிந்திருப்பதால், பார்ப்பவர் மனத்தில் அது இன்னும் சூழேரின் சுவரில்தான் நிற்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. வயல் ஓரத்து நடுகல்லை வேடியப்பன் என்று பொங்கலிட்டு வணங்குகிறவர்களும், அதே போன்ற கல்லை அரசு அருங்காட்சியகத்தில் எழுத்துப் படித்து நகர்கிறவர்களும் ஒரே ஊர்க்காரர்கள்தான். வயலில் அது சாமி, கூடத்தில் அது சரித்திரம். இரண்டுக்கும் இடம் உண்டு, எங்கிருந்து வந்தது என்பது தெரிந்திருக்கும் வரையில்.

நூறு ஆண்டு கடந்த பொருளை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி உரிமம் பெற்றவரே வியாபாரமாக விற்கலாம். வாங்குபவர் அந்த உரிமத்தைக் கேட்கவேண்டும். அதற்கும் முன்னால் கேட்கவேண்டியது, எந்த ஊரில் எந்தக் கட்டடத்திலிருந்து கழற்றியது, கழற்ற யார் சம்மதித்தார்கள் என்பது. விற்பவரால் அதைச் சொல்ல முடியாவிட்டால், சன்னல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காமல் திரும்புவதே சரி.