நிறைந்த வயிறும் நலிந்த எலும்பும்

பூனையொன்றை அடைத்து வைத்த பெண்ணைப் பற்றிய நபிமொழி நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் அறிந்ததே. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் தொகுப்புகளிலும் இடம் பெற்றுள்ள அந்த அறிவிப்பில், அப்பெண் வேதனைக்கு ஆளானதற்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறிய காரணம் இரு கூறுகளை உடையது. அவள் அதற்கு உணவளிக்கவில்லை என்பது ஒன்று. பூமியில் ஊரும் சிற்றுயிர்களை அது தானே தேடித் தின்னும்படி விட்டுவிடவும் இல்லை என்பது மற்றொன்று. மேடைகளில் முதற்கூறே பெரிதும் எடுத்துரைக்கப்படுகிறது. இரண்டாவது கூறு, செய்தியை முடித்து வைக்கும் சொற்களாகக் கருதப்பட்டுக் கடந்து போய்விடுகிறது. நமக்கோ, பொருள் முழுவதும் அங்கேதான் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. விட்டிருந்தால் அவ்வுயிர் எதைப் பெற்றிருக்குமோ, அதுவே அடைத்தவர் கொடுக்க வேண்டிய உணவின் அளவுகோல்.

பூனையைக் கொண்டு இதனை அளந்து பார்ப்பது போதாது. நம் சோற்றையும் மீனையும் உண்டு, நம்மோடு ஒட்டி வாழப் பழகிய பிராணி அது. நம் அடுக்களை எதையுமே தர இயலாத ஓர் உயிரை எடுத்துக் கொண்டால்தான் கடமையின் முழு நீளம் புலப்படும். பச்சோந்தி அத்தகைய உயிர். நிறம் மாறுவதால் நயவஞ்சகனுக்கு உவமையாக்கி அதன் பெயரையே நாம் வசைச்சொல்லாக்கி விட்டோம். உண்மையில் அது நிறம் மாறுவது பெரும்பாலும் வெயிலின் வெப்பத்தை வேண்டிய அளவு ஏற்பதற்கும், தன் சினத்தையும் அச்சத்தையும் தன் இனத்திற்கு அறிவிப்பதற்குமே. உள்ளத்தில் உள்ளதைத் தோலில் காட்டிவிடும் பிராணியை நயவஞ்சகன் என்பது என்ன நியாயமோ!

மேலை நாடுகளில் செல்லப் பிராணியாகப் பெரிதும் வளர்க்கப்படுவது, தலையில் உயர்ந்த கொண்டையுடைய ஒருவகைப் பச்சோந்தி. அதன் தாயகம் ஏமன் நாடும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப் பகுதியும் ஆகும். அங்கே அது பலவகைப் பூச்சிகளைத் தின்கிறது, இலைகளையும் கடிக்கிறது, இலைமேல் தங்கிய நீர்த்துளிகளை நக்கிக் குடிக்கிறது, திறந்த வெயிலில் காய்கிறது. இவற்றில் எதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள் தானாக வருவதில்லை.

அதனை வாங்கி வந்த ஒருவர் நாள்தோறும் சுவர்க்கோழிப் பூச்சிகளைத் தவறாமல் போடுகிறார் என வைத்துக் கொள்வோம். பிராணி ஆவலோடு நாவை நீட்டிப் பிடித்துத் தின்கிறது, வயிறு நிறைகிறது. ஆயினும் சில திங்களில் அதன் கால்கள் வளைகின்றன. தாடை ரப்பர் போல் மென்மையாகிறது. கிளையைப் பற்றவும் வலுவின்றிக் கீழே விழுகிறது. காரணம் இதுதான்: சுவர்க்கோழியின் உடலில் பாஸ்பரஸ் மிகுதி; கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. உண்ட சிறிதளவு கால்சியத்தையும் உடல் ஏற்க வைட்டமின் டி3 வேண்டும். அந்த வைட்டமினைத் தோல் உண்டாக்க வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் வேண்டும். சன்னலருகே பெட்டியை வைத்தால் வெளிச்சம் வரும். அந்தக் கதிரைச் சன்னல் கண்ணாடி பெரும்பாலும் தடுத்து விடும். ஆகவே இரத்தத்திற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை உடல் தன் எலும்பிலிருந்தே எடுக்கத் தொடங்குகிறது.

இப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி: அவர் உணவளித்தாரா, இல்லையா? தீனி போட்டார் என்பது மெய். பட்டினி போட்டார் என்பதும் மெய்யல்லவா? அறியாமல் செய்தவர் மீது குற்றம் சாட்டுவது நம் நோக்கமன்று. ஆனால் அறிந்துகொள்வதே அந்தப் பொறுப்பின் முதல் தவணை என்போம்.

அறிந்தவர் செய்வது பெரிய வித்தையல்ல. பூச்சிகளுக்கு ஒரு நாள் முன்னதாகவே பசுங்கீரையும் காய்கறியும் கொடுத்து, அவற்றின் வயிற்றின் வழியே பச்சோந்திக்குச் சத்துச் சேர்க்கிறார். கொடுக்கும் வேளையில் பூச்சிகளின் மேல் கால்சியம் தூளை மெல்லியதாகத் தூவுகிறார். (வெற்றிலைச் சுண்ணாம்பு அன்று, அது வாயைப் புண்ணாக்கி விடும்.) டி3யும் பிற வைட்டமின்களும் கலந்த தூளைத் திங்களுக்கு இருமுறை போல் சேர்க்கிறார். இதில் கை தாராளம் கூடாது. வைட்டமின் ஏ குறைந்தால் கண் வீங்கும்; மிகுந்தாலும் தீங்கே. டி3 மிகுந்தால் எலும்பில் சேர வேண்டிய சுண்ணாம்பு உள்ளுறுப்புகளில் படியும். புற ஊதா விளக்கு ஒன்று பகலில் எரிய வேண்டும். கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் அறிந்துகொள்வதில்லை. எனவே இலைகள்மீது நீர் தெளிக்க வேண்டும்.

அன்பு மிகுந்தவர்கள் செய்யும் பிழை வேறு. கேட்கும் போதெல்லாம் தீனி கொடுப்பார்கள். இந்த இனத்துப் பெண் பச்சோந்தி ஆணின்றியும் முட்டையிடும். மிகுதியாக உண்டால் முட்டைகளும் பெருகும். அத்தனை ஓடுகளுக்கும் சுண்ணாம்பு அதன் எலும்பிலிருந்தே போகும். வளர்ந்த பிராணிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் உணவளித்தாலே போதுமானது.

ஒரு பல்லியினத்திற்கா இத்தனை கவனம் எனச் சிலர் புன்னகைக்கலாம். ஹிஜ்ரி 660இல் மறைந்த பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் அவர்கள், மனிதன் மீது கால்நடைகளுக்கும் பிற பிராணிகளுக்கும் உள்ள உரிமைகளை எடுத்துரைக்கிறார்கள். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அவற்றுக்குரிய செலவைச் செய்தாக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தன் இனத்தாலோ பிற இனத்தாலோ துன்புறும்படி ஒன்றாக அடைக்கலாகாது என்பது மற்றொன்று. தனித்து வாழும் பச்சோந்தியைத் துணைக்கு என்று இன்னொன்றோடு ஒரே பெட்டியில் விடுவோரும், தின்னாது எஞ்சிய சுவர்க்கோழிகளை இரவில் உள்ளேயே விட்டு, அவை உறங்கும் பச்சோந்தியின் தோலைக் கடிக்க இடம் தருவோரும் இன்றும் உள்ளனர். அவர்களுக்காகவே எழுதப்பட்டது போலல்லவா இருக்கிறது அந்தச் சட்டம்!

இவ்வளவு பாடு எதற்கு, விட்டுவிடலாமே என்றால், நபிமொழி காட்டிய அந்த இரண்டாவது வழி இங்கே அடைபட்டுக் கிடக்கிறது. ஏமன் மலைக்குரிய உயிரைப் பிற மண்ணில் விட்டதன் விளைவை ஹவாய்த் தீவுகளிலும் புளோரிடாவிலும் காணலாம். அங்கே அது பெருகி, அம்மண்ணின் சிற்றுயிர்களைத் தின்று வருகிறது. குளிர் நாடாயின் அதுவே மடிந்து போகும். விடுதலை தர இயலாத நிலையில் அந்த நபிமொழியின் பாரம் முழுவதும் உணவளித்தல் என்ற ஒன்றின் மீதே இறங்குகிறது. அதைச் சுமக்க மனமில்லாதவர் வாங்காதிருப்பதே நலம். நம் நாட்டுப் பச்சோந்தியைப் பொறுத்தவரையில் இந்த யோசனைக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைப் பிடிப்பதையும் அடைத்து வைப்பதையும் தடுக்கிறது.

உயிர்ப் பிராணிகளை வளர்ப்பதே தகாது என்பது நம் கருத்தன்று. அபூ உமைர் (ரலி) என்னும் சிறுவர் வளர்த்த சின்னஞ்சிறு பறவை மாண்டபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் பரிவோடு விசாரித்த செய்தியைக் கொண்டு, வளர்ப்பது ஆகும் என்று அறிஞர்கள் தீர்மானித்துள்ளார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இரையாக வாங்கி வைக்கும் சுவர்க்கோழிகளும் நம்மால் ஒரு பெட்டியில் அடைக்கப்பட்ட உயிர்களே. ஓருயிர் மற்றோருயிரை உண்பது படைப்பின் நியதி. பூனை சிற்றுயிர்களைத் தின்பதை நபிமொழி பழிக்கவில்லை. ஆனால் இரையாகும் நாள் வரை அவற்றுக்கும் பசியும் தாகமும் உண்டு. தீனியும் ஈரமும் இன்றி விட்டால் அவை ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். பெட்டியின் மூலையில் சிறிது கீரையும், ஒரு துண்டு காரட்டும் வைத்தால் போதும். அரை நிமிட வேலைதான்.