நாணொலியின் அறம்

கொழும்பு மாநகரசபையின் மாடறுக்கும் மடுவம் நெடுங்காலம் இயங்கிவந்த தெமட்டகொடையிலும், பொசன் போயா தினத்தன்று இறைச்சிக்கடைகளின் கதவுகள் சாத்தப்பட்டிருக்கும். கொக்கிகள் வெறுமையாகத் தொங்கும். தராசுத் தட்டு கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். அந்தப் புண்ணிய தினம் நினைவூட்டும் நிகழ்ச்சியோ ஒரு மான்வேட்டையின் நடுவே நேர்ந்தது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில், மிகிந்தலைக் குன்றின் அடிவாரத்தில் வேட்டைக்கு வந்த தேவநம்பியதீசன், புல் மேய்ந்துகொண்டிருந்த மரையொன்றைக் கண்டானென்றும், தன்னை மறந்து மேயும் பிராணியை எய்வது தகாதென்று கருதி, வில்லின் நாணைத் தெறித்து ஓசை எழுப்பினானென்றும், வெருண்டோடிய மரையைத் தொடர்ந்த மன்னன் மகிந்த தேரரைச் சந்தித்தானென்றும் மகாவம்சம் கூறுகின்றது. பின்னே கேட்ட உபதேசத்தையே உலகம் கொண்டாடுகின்றது. ஆயினும், உபதேசம் எதுவும் செவியில் விழுவதற்கு முன்பே அவன் கை ஒரு கணம் தயங்கியதே, அதுவன்றோ ஆராயத்தக்கது?

அதே தயக்கம், வேட்டையை நியாயமென்று கொள்ளும் தேசங்களில், இளம் ஆண்மானைக் குறிவைத்து நிற்பவனுக்கு இன்றும் உண்டாகின்றது. திருக்கோணமலைக் கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்குச் செல்லும் பாதையோரம் திரியும் புள்ளிமான்களை அருகிருந்து நோக்கியவர்கள் அதன் காரணத்தை அறிவார்கள். முற்றிய கலைக்குக் கொம்பொன்றுக்கு மூன்று கவர்; இளையதற்கோ, மென்மயிர்த் தோல் போர்த்த இரண்டு குருத்துகளே நெற்றியில் எழுந்திருக்கும். காது மடல் மட்டும் அசைய, அது தலைநிமிர்ந்து மனிதனை நேரே பார்க்கும். அப்பார்வையில் அச்சத்தைவிட வியப்பே மிகுதி. இதனைக் கொல்லலாமா, விடலாமா?

விட்டுவிடுக என்பாருள்ளும் நோக்கம் ஒன்றன்று. இன்னும் சில ஆண்டு விட்டுவைத்தால் கொம்பு பெருக்கும், அப்பொழுது சுவரில் மாட்டலாம் என்பவன் காட்டுவது கருணையன்று, சிக்கனம். வட்டிக்குப் பணம் விடுபவனும் அவ்வாறே பொறுத்திருக்கிறான். இளையவை அழிந்தால் மந்தையே அழியுமென்று அஞ்சுபவன் அவனினும் மேலானவன். இலங்கையில் 1894ஆம் ஆண்டு வனவிலங்குகளைக் காக்கச் சங்கம் அமைத்தவர்களுட் பலர் வேட்டைக்காரர்களே. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், மறு ஆண்டில் யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களானமையும் அத்தகைய அச்சம் வளர்ந்து கனிந்ததன் பயன்களே. எனினும், அவ்வச்சமும் மந்தையைத்தான் எண்ணுகின்றது. எதிரே நிற்கும் அந்த ஒன்றை எண்ணுவது, தீசனைப்போல, அறியாத உயிரின் அறியாமையைத் தனக்கு வாய்ப்பாகக் கொள்ளக் கூசும் மனமே.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். வன்னியில் பிள்ளைகளின் பசிக்காகத் துவக்கெடுப்பவன், “முதியதற்கும் உயிர் இனிது தானே? இளையதை விட்டு முதியதைச் சுடுவதால் கொலை எங்கே குறைந்தது?” என்று கேட்பானாயின், அக்கேள்வியைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது. கொலை குறையவில்லை என்பதே மெய். ஆனால் கொல்பவன் பார்த்தான், பார்த்ததனால் தேர்ந்தான், தேர்ந்ததனால் அச்செயலுக்குப் பொறுப்பாளியானான். காட்டுப்பாதையில் கட்டிவைக்கும் கட்டுத்துவக்குக்கும் கம்பிக் கண்ணிக்கும் கண் இல்லை. குட்டியோ, சினையோ, தாயோ, அவற்றுக்கு எல்லாம் ஒன்றே. மகாபாரதத்தில், மான் வடிவில் துணையோடு கூடியிருந்த கிந்தம முனிவரை எய்த பாண்டுவை அம்முனிவர் சபித்ததும் மானை வேட்டையாடியதற்காக அன்று, சற்றுப் பொறுத்திராமைக்காகவே. கொல்வதற்கும் ஒரு காலமும் வரம்பும் உண்டென்று ஒப்புக்கொள்ளும் மனம், கொலையினின்று ஓரடியேனும் விலகிய மனமாகும்.

ஆகவே இளம் மானை விட்டுவிடுவதே நெறி. ஆயினும் அதனோடு கணக்குத் தீர்ந்ததென்று எண்ணுதல் கூடாது. நாணைத் தெறித்த தீசனும் வேட்டையை நிறுத்தினானல்லன். ஓடிய மரையைத் துரத்தவே செய்தான். இளையதற்கு இரங்கியவன், முதியதற்கு ஏன் இரங்கவில்லை என்ற வினாவைத் தானே தன் தலைமேல் ஏற்றிக்கொள்கிறான். பாதி வழியில் நின்ற கருணை பொய்யன்று. பாதி வழியே முடிவென்று சாதிப்பதுதான் பொய்.

இவ்வினா வேடனுக்கு மட்டும் உரியதுமன்று. இலங்கையில் மானை வேட்டையாடுவது இன்று சட்டப்படி குற்றமாதலால், நகரவாசி தன்னை இதனின்று விலக்கிக்கொள்ள எண்ணலாம். ஆனால் வாங்குவோர் இருப்பதனாலேயே விற்போர் இருக்கின்றனர் என்ற நியாயத்தைத் திருக்குறளின் புலான்மறுத்தல் அதிகாரம் என்றோ நிறுவிவிட்டது. வேடனுக்காவது மானின் முகம் எதிரே தெரிகின்றது. மடுவத்தின் மதிலுக்கு இப்பால், தாளில் சுற்றிய ஒரு கிலோ இறைச்சியைப் பையிலிடுபவனுக்கு, அது இளங்கன்றா, உழைத்து ஓய்ந்த எருதா என்பதும் தெரியாது. தயங்குவதற்குரிய அந்த ஒரு கணமே அவனுக்கு மறுக்கப்பட்டிருக்கின்றது. பொசன் கழிந்த மறுநாள் காலை கடைக்கதவு திறந்து, கவிழ்ந்திருந்த தராசுத் தட்டு மீண்டும் நிமிரும்போது, வாங்க நீளும் கை அக்கணத்தைத் தானாகவே தேடிக்கொள்ளுதல் வேண்டும். உண்பதோ தவிர்ப்பதோ அதன்பின் எடுக்கத்தக்க முடிவு.