விற்காத கார்களின் அலமாரி

என் அலமாரியில் இருப்பவை பழைய அமெரிக்கச் சின்ன கார்கள். அவற்றிலும் சந்தையில் எடுபடாமல் போனவைதான் அதிகம்: ஹென்றி ஜே, ஹட்சன் ஜெட், வில்லிஸ் ஏரோ. எல்லாம் 1:43 அளவு மாதிரிகள், உள்ளங்கையில் அடங்கிவிடும். செங்கல்பட்டுக்கு வரும்போதெல்லாம் அக்கா மகன் கேட்பான்: "மாமா, ஃபெராரி, முஸ்டாங்னு வாங்கலாம்ல? இதெல்லாம் யாருக்குமே தெரியாத காரு." நியாயமான கேள்விதான். ஒரு மனிதன் எதைச் சேர்த்து வைக்க வேண்டும் என்றுதான் அவன் கேட்கிறான்.

ஹென்றி ஜே-யின் கதையைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் கப்பல் கட்டிப் பெயர் வாங்கிய ஹென்றி ஜே. கைசர், சம்பளக்காரனும் புதுக் கார் வாங்க வேண்டும் என்று 1950-இல் கொண்டுவந்த வண்டி அது. செலவைக் குறைக்க, முதலில் வந்த வண்டிகளுக்கு டிக்கிக் கதவே வைக்கவில்லை. பின்சீட்டை மடக்கி உள்பக்கமாகத்தான் சாமானை வைக்க வேண்டும். நாலு சிலிண்டர் எஞ்சின் வில்லிஸ் ஜீப்பினுடையது. மகிந்திரா நம் நாட்டில் பூட்டி விற்றதும் அந்த ஜீப் வம்சம்தான். ஆனால் இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் பெரிய செவ்ரோலெட்டே கிடைத்தது, ஜனங்கள் அதை வாங்கிக்கொண்டு போனார்கள். சியர்ஸ் கடைக்காரர்கள் 'ஆல்ஸ்டேட்' என்று வேறு பெயர் வைத்து விற்றுப் பார்த்தார்கள். நடக்கவில்லை. 1954-இல் எல்லாம் முடிந்தது.

என்னிடம் இருக்கும் மாதிரியின் பின்பக்கத்தில் டிக்கிக் கோடு கிடையாது. செய்தவர் அந்த வண்டியின் குறையையும் அளந்து செய்திருக்கிறார். வேறு எந்தக் காரையும்விட அதை நான் அடிக்கடி கையில் எடுப்பது இதற்காகத்தான். ஜெயித்த கார்களுக்கு ஊரெல்லாம் ஆள் உண்டு. நல்ல எண்ணத்தோடு செய்து எடுபடாமல் போன ஒன்றை, அது இருந்தபடியே யாராவது ஒருவர் வைத்திருக்க வேண்டாமா?

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் ஐந்து ரதங்களின் முன் நிற்கும்போது இந்த எண்ணம் இன்னும் உறுதிப்படுகிறது. 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் பாறையில் செதுக்கி வைத்தவை, மரமும் செங்கல்லும் ஓலையும் கொண்டு கட்டிய கோயில்களின் வடிவங்கள். திரௌபதி ரதத்தின் கூரை ஓலைக் குடிசையின் கூரை. பீம ரதத்தின் மேல் கூண்டு வண்டிக்குப் போட்டது போன்ற வளைவு. கல்லுக்கு அந்தச் சரிவும் வேண்டாம், வளைவும் வேண்டாம். ஓலைக்கும் மரத்துக்கும் வேண்டியிருந்ததை அவர்கள் விடாமல் கல்லில் செய்தார்கள். அந்த மரக் கோயில்களில் ஒன்றுகூட இன்று இல்லை. அவை எப்படி இருந்தன என்று காட்ட நம்மிடம் இந்த மாதிரிகள் இருக்கின்றன.

உலோக மாதிரிகளுக்குக் கல்லின் ஆயுள் கிடையாது. துத்தநாகக் கலவையில் கொஞ்சம் ஈயம் சேர்ந்துவிட்டாலும் உள்ளிருந்தே விரிசல் விட்டு உதிரத் தொடங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி பொம்மைக் கார்கள் பல அப்படித்தான் போயின. வெப்பமும் ஈரமும் அதை இன்னும் வேகப்படுத்தும் என்பதால், கடலோர மாவட்டத்தில் இருக்கிற நான் அலமாரியில் சிலிகா ஜெல் பொட்டலங்களை விடாமல் மாற்றி வைக்கிறேன்.

என் அலமாரிக் கார்களெல்லாம் தொலைவில் பிறந்தவை; ஆனால் அமெரிக்கச் சின்ன கார் ஒன்று எங்கள் மாவட்டத்திலேயே பிறந்திருக்கிறது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் செய்த ஈகோஸ்போர்ட் கப்பலேறி, 2018 முதல் அமெரிக்காவில் விற்பனைக்குப் போனது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது. மறுவருடம் மறைமலை நகரிலும் கார் உற்பத்தி நின்றது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் செய்த ஆலை அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது.

மறைமலை நகரில் கதவு பொருத்தும் இடத்தில் வேலை பார்த்த ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் போய் உட்கார்ந்துகொள்கிறேன். ஈகோஸ்போர்ட்டின் பக்கவாட்டில் திறக்கும் பின்கதவை இடைவெளி பிசகாமல் எப்படி உட்கார வைப்பது, ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள அமெரிக்க வண்டி வரும்போது கை எப்படி மாறும் என்று அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொள்கிறேன். என்றாவது ஒருவர் இந்த வண்டியை 1:43-இல் செய்ய உட்கார்ந்தால் இதெல்லாம் வேண்டியிருக்கும். அடுத்து, பெயின்ட் ஷாப்பில் இருந்த தன் நண்பரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.