கணிப்பும் முறையும்: நகரப் பணிகளில் செயற்கை நுண்ணறிவு குறித்த ஓர் அறநோக்கு

முன்னுரை

குடிநீர், சாலை, துப்புரவு, குடும்ப அட்டை முதலிய நகரப் பணிகளில் கணினியின் பங்கு நாளும் பெருகி வருகிறது. நடுவண் அரசு 2015 இல் தொடங்கி 2025 மார்ச்சுடன் நிறைவு செய்த சீர்மிகு நகரங்கள் திட்டத்தின்கீழ் 100 நகரங்களில் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையங்கள் நிறுவப்பட்டன. இவற்றால் விளையும் விரைவும் சிக்கனமும் பெரிதும் பேசப்படுகின்றன. ஆயின், இயந்திரத்தின் கணிப்பு சரியாக இருந்தாலே அது நீதியும் ஆகுமா என்னும் வினா போதிய அளவில் எழுப்பப்படவில்லை. அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

முறையின் மூன்று கூறுகள்

திருக்குறளின் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை. அதில் இடம்பெறும் 548ஆம் குறள், ஆள்வோர் குடிமக்கள் எளிதில் அணுகுமாறு இருத்தல், அவர்தம் குறையை ஆராய்தல், அதன்பின் நீதி வழங்குதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே வலியுறுத்துகிறது. இவற்றுள் ஒன்று குறையினும் முறை நிரம்பாது என்பது இதனால் பெறப்படும். இம்மூன்றனுள் ஆராய்தல் ஒன்றையே இயந்திரம் செய்யவல்லது. ஏனைய இரண்டும் மனிதர்பால் நிற்கும் கடமைகளாம்.

பிளின்ட் நகரம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த பிளின்ட், 2014 இல் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரம். செலவைக் குறைக்கும் நோக்குடன் 2014 ஏப்ரலில் அந்நகரின் குடிநீர் ஆதாரம் பிளின்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படாமையால் பழைய குழாய்களிலிருந்து காரீயம் நீரில் கலந்தது. மக்கள் முறையிட்டபோதும் நீர் தீங்கற்றது என்றே அலுவலர்கள் கூறிவந்தனர். 2015 அக்டோபரில் பழைய ஆதாரத்திற்குத் திரும்பிய பின்னரும் அரிக்கப்பட்ட குழாய்கள் மண்ணுக்கடியில் இருந்தன. எவ்வீட்டில் எவ்வகைக் குழாய் உள்ளது என்பதை நகராட்சியின் பழைய ஆவணங்கள் நம்பத்தக்க வகையில் காட்டவில்லை.

பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீட்டின் வயது, மதிப்பு, அமைவிடம் முதலிய தரவுகளைக் கொண்டு கணிப்பு முறை ஒன்றை உருவாக்கினர். அதன் துணையுடன் 2017 இல் தோண்டப்பட்ட 8,800க்கு மேற்பட்ட இடங்களுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் மாற்றவேண்டிய குழாய்கள் கிடைத்தன. 2018 இல் பணி வேறொரு நிறுவனத்திடம் சென்றது. கணிப்பு முறையும் கைவிடப்பட்டது. அவ்வாண்டு 10,000க்கு மேற்பட்ட இடங்கள் தோண்டப்பட்டும் ஏறத்தாழ 15 விழுக்காட்டிலேயே அத்தகைய குழாய்கள் காணப்பட்டன. 2019 இல் நீதிமன்ற ஒப்புதல் பெற்ற உடன்பாட்டின்வழி கணிப்பு முறை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

மக்களின் ஐயம்

கணிப்பைக் கைவிட்டது அறியாமை என்று எளிதில் கூறிவிடலாம். ஆயின், அண்டை வீட்டில் தோண்டிவிட்டுத் தம் வீட்டைக் கடந்து சென்றதன் காரணம் மக்களுக்கு விளங்கவில்லை. எவரும் விடுபடலாகாது என்னும் எண்ணம் நகர நிருவாகத்திடமும் இருந்தது. தீங்கற்ற நீர் என்னும் உறுதிமொழியால் ஒருமுறை ஏமாற்றப்பட்டோர், தீங்கற்ற குழாய் என்னும் மற்றோர் உறுதிமொழியை ஐயுறுவது இயல்பே. அதே வேளையில், அந்த ஐயத்திற்கு இடமளித்த ஓராண்டில் காரீயக் குழாய் உள்ள வீடுகள் பல காத்திருக்க நேர்ந்தது. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. எனவே அக்காத்திருப்பு சிறு இழப்பன்று. ஆராய்தலின்றி அனைவரையும் அணுகுவதும் முறையாகாது என்பது இதனால் புலனாகும்.

இதன் மறுதலையை நம் நாட்டிலேயே காணலாம். தெலங்கானாவில் கள விசாரணையின்றிக் கணினிக் கணிப்பைச் சார்ந்து நீக்கப்பட்ட ஏறத்தாழ 19 இலட்சம் குடும்ப அட்டைகளை நேரில் சென்று மீண்டும் ஆய்வு செய்யுமாறு 2022 இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. இங்குக் கணிப்பு இருந்தது, அணுகுதல் இல்லை. பிளின்ட்டில் தவறிய கணிப்பால் வெறும் குழி மிஞ்சும். இங்குத் தவறிய கணிப்பால் அடுப்பு எரியாது.

மறுப்பும் விடையும்

இயந்திரம் கையூட்டுப் பெறாது, சாதி பாராது, ஆகவே அலுவலரினும் அதுவே நடுநிலையுடையது என்பர் சிலர். அலுவலரின் ஒருசார்பு மெய்யே. எனினும் அலுவலரிடம் காரணம் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம். கணிப்போ தான் பயின்ற பழைய தரவின் சார்பையும் உடன் சுமந்து வருவது. அதைக் குடிமகன் வினவ இயலாதபோது, நடுநிலை என்பது விடை கூறாமைக்கு இட்ட பெயராகிவிடும்.

முடிவுரை

கணிப்பு எந்த வீட்டை முதலில் நாடவேண்டும் என்று வரிசை காட்டலாம். எந்த வீட்டை நாடவே வேண்டாம் என்று தீர்ப்பளிக்கலாகாது. விடுபட்ட ஒவ்வொருவருக்கும் காரணம் கூறவும், அவர் வேண்டினால் நேரில் சென்று காணவும் பெயர்சுட்டத்தக்க ஓர் அலுவலர் பொறுப்பேற்றல் வேண்டும். ஆம்ஸ்டர்டாம், ஹெல்சிங்கி நகரங்கள் தாம் பயன்படுத்தும் இத்தகைய கணிப்பு முறைகளுக்கான பொதுப் பதிவேட்டை 2020 இல் வெளியிட்டமை இத்திசையில் ஒரு முதற்படி எனலாம். காரணம் அறியும் உரிமை நகரப் பணிக்குப் புறம்பானதன்று. அப்பணியின் ஒரு கூறே ஆகும்.