அந்நிய டாக்டரும் புழுங்கலரிசியும்

அமெரிக்காவில் குடியேற விண்ணப்பிக்கும் அந்நிய டாக்டர், டாக்டர் பற்றாக்குறையுள்ள ஊரில் 5 ஆண்டு முழுநேரம் உழைக்கச் சம்மதித்து, அந்த வேலை பொதுநலனுக்கு உகந்தது என்று அரசாங்கத் துறையின் கடிதமும் பெறும் வழி ஒன்று உண்டு. அந்த வேலைக்கு உள்நாட்டில் ஆள் இல்லையென்ற அத்தாட்சி கேட்பதில்லை. ஆராய்ச்சியாளரோ தம்மால் அந்நாட்டுக்கு விளையும் நன்மையைத் தாள் தாளாக நிரூபிக்க வேண்டும். சகோதரர்களே, நன்மையை ஒருவர் பெயரில் மட்டும் பற்று வைக்க முடியுமா?

நமது நெகிரி செம்பிலானையே எடுத்துக்கொள்ளுங்கள். கால் வீங்கி, மரத்து, இருதயம் நின்று மாளும் பெரிபெரி நோய் முன்பு இங்கே பலரை வாரிக்கொண்டு போயிற்று. இந்த மாநிலத்தின் அரசாங்க வைத்தியர் பிராடன் துரை, அது சீனத் தொழிலாளரைத் தாக்கித் தமிழரை விட்டுவிடுவதைக் கவனித்தார். அவர்களுக்குத் தீட்டிய பச்சரிசி, நம்மவருக்குப் புழுங்கலரிசி. அரிசியில் நஞ்சு என்று அவர் நினைத்தது சரியல்ல. தவிட்டோடு சத்துப் போனதே காரணம். 1907-ல் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபுவில் ஏறக்குறைய 300 ஜாவாத் தொழிலாளரைப் பிரித்து, இரண்டு அரிசியையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பச்சரிசி தின்றவருக்கே நோய் வந்தது.

டாக்டர்கள் மூவரும் அந்நியர். அவர்கள் வந்தது நல்லதே. ஆனால் சோதனைச் சோற்றைத் தின்று கால் வீங்கிய ஜாவாக்காரர்? நெல்லை அவித்துக் காயவைக்கும் நம் பெண்களின் கைவழக்கம்? தோட்டத்துத் தமிழரும் அந்நியரே, திறமையற்ற கூலிகள் என்று எண்ணப்பட்டவர்கள். எந்த விண்ணப்பத்திலும் அவர்கள் பங்கை எழுத இடமிராது.

ஆகவே 5 ஆண்டு நிபந்தனையே எனக்கு நியாயமாகப் படுகிறது. டாக்டர் உழைத்தாரா என்பதை அந்த ஊரார் பார்த்துக்கொள்வார்கள்.