பட்டியலில் 'அல்லோர்'

எங்க ஆயா மழை விட்ட மறுநாள் ஏரிக்கரையில் நின்று, எந்த வளையில் நண்டு இருக்கும், எதில் பாம்பு இருக்கும் என்று வாயைப் பார்த்தே சொல்லிவிடும். நண்டு வளைக்கு வெளியே ஈரமண் உருண்டையாகக் கிடக்கும். பாம்பு புகுந்த வளை வழவழன்னு இருக்கும். நண்டு, நத்தை, குறவை, வயல் எலி, பண்ணைக்கீரை, பொன்னாங்கண்ணி: கூலி கிடைக்காத மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பை மூட்டியவை இவைதான்.

எங்கள் மாவட்டத்தில் ஒரு செம்மண் குவாரிக்குப் போட்ட அறிக்கையைப் படித்தேன். எந்த ஊர் என்பது இங்கே முக்கியமில்லை. எல்லா அறிக்கையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். தாவரம், விலங்கு பற்றி ஓர் அத்தியாயம். குறிப்பிடத்தக்க வனவிலங்கு எதுவும் இல்லையாம். ஏரிப் புறம்போக்கு 'தரிசு'. சேரி 'சமூக-பொருளாதாரம்' என்கிற வேறு அத்தியாயத்தில் தனியாகக் கிடக்கிறது. நண்டு எந்த அத்தியாயத்திலும் இல்லை.

இது கவனப் பிழையா? இல்லை. அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994இல் அறிவிக்கையாக வந்தது. 1997இல் மக்கள் கருத்துக்கேட்பு சேர்ந்தது. 2006இல் புது அறிவிக்கை. அறிக்கை எழுதும் ஆலோசகருக்குக் காசு கொடுப்பது தோண்டப் போகிறவர். பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்துத் தரவு போதும் என்று வைத்துக்கொள்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையில்தான் எங்கள் மண் உயிர்க்கிறது. சித்திரையில் வந்து எண்ணினால் நண்டும் நத்தையும் மண்ணுக்குள் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவனை, ஊரிலேயே இல்லை என்று எழுதுகிற கணக்கு இது.

உயிரினங்களுக்குள்ளும் மேல், கீழ் உண்டு. 1972ஆம் வருடத்து வனவுயிர்ச் சட்டம் மயிலை முதல் அட்டவணையில் வைத்தது. எலியையும் காக்கையையும் 'தீங்குயிர்' என்று தனி அட்டவணையில் தள்ளியது. 2022ஆம் வருடத் திருத்தம்தான் அந்த அட்டவணையை எடுத்தது. அந்தச் சட்டத்துக்குப் பிறகு பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். 1978இல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் வந்து, அதே கைகள் விஷம் எடுத்து மருந்துக்குக் கொடுத்தன. அறிவு மாறவில்லை, அதை அங்கீகரிக்கிற அதிகாரம்தான் மாறியது.

சிதம்பரத்தில் எம்.ஏ. தமிழ் படித்தபோது கருப்பொருளை மனப்பாடம் செய்தேன். தொல்காப்பியம் உணவையும் விலங்கையும் மரத்தையும் பறவையையும் பறையையும் தொழிலையும் ஒரே வரிசையில் வைக்கிறது. மனிதரை நிலத்திலிருந்து பிரிக்காத பட்டியல் என்று பெருமைப்பட்டேன். பிறகு நம்பியகப்பொருள். அதன் பதினான்கில் 'உயர்ந்தோர்' உண்டு, அடுத்தது 'அல்லோர்'. பெருமை அங்கேயே நின்றது. நம்மைச் சேர்க்கிற பட்டியலும் நமக்கு ஓர் இடத்தை ஒதுக்கித்தான் சேர்க்கிறது.

இந்த நியாயத்தையெல்லாம் குவாரியில் லோடு அடிக்கிற என் மாமன் மகனிடம் சொன்னேன். "நண்ட எண்ணி என்னா பண்றது? லாரி வந்தா கூலி வருது. நீ எழுதுவ, நான் என்னாத்த திங்கறது?" என்றான். என்னிடம் உடனே பதில் இல்லை. அவன் கேட்டது நியாயம். ஆனால் குழி தோண்டி முடிந்ததும் லாரி போய்விடும். ஏரி இருந்தவரை கூலி இல்லாத நாளில் ஒருவேளைக் குழம்பு இருந்தது. இனி அந்த நாளிலும் கடைக்குத்தான் போகணும். லாரி கொடுத்த கூலியைவிட அது எடுத்துக்கொண்டது பெரிசு என்பதை எந்த அறிக்கையும் அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டவில்லை.

நெய்வேலியைப் பாருங்கள். 1957இல் தோண்டத் தொடங்கிய நிலம் அது. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிற ஊற்றுநீரை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர்விடும் பயிரில் இயந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது. பட்டாதாரரின் இழப்பு செய்தியானது, ஆகட்டும். அந்த வயலில் நாற்று நட்டு, களை பறித்து, வரப்பில் நண்டு பிடித்தவளுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாத இழப்புக்கு இங்கே பெயரே இல்லை.

ஆகவே கேள்வி, குருவியா மனுஷனா என்பதல்ல. ஓர் இடத்தில் என்ன வாழ்கிறது என்று சொல்லும் உரிமை யாருக்கு? அங்கே இருந்து பசியாறியவருக்கா, ஒருநாள் ஜீப்பில் வந்து போனவருக்கா? ஐப்பசி மழையில் வந்து எண்ணட்டும். சேரிப் பெண்கள் முன்னே நடக்கட்டும். புறம்போக்கு யாருக்கு எத்தனை மாதம் சோறு போட்டது என்று அதே அத்தியாயத்தில் எழுதட்டும். இதனால் குவாரி நிற்காமல் போகலாம். ஆனால் 'இங்கே ஒன்றுமில்லை' என்கிற பொய்யின் மேல் கையெழுத்துப் போட யாராலும் முடியாது.

ஆயா இன்று இல்லை. வளை வாயைப் பார்த்துச் சொல்ல எனக்கும் தெரியாது. அந்த இழப்பையும் கணக்கில் எழுதித்தான் இதை முடிக்கிறேன்.