மனதில் பட்டது



2004 டிசம்பர் 26. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலுள்ள பரங்கிப்பேட்டையில், ஆழிப்பேரலைக்குத் தப்பி வந்த மீனவ மக்களுக்கு, நிக்காஹ் விருந்துக்கு ஆக்கியிருந்த உணவை ஜமாஅத்தார் கொடுத்தார்கள். பசித்தவருக்குக் கொடுத்துப் பழகிய உள்ளத்துக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. அல்லாஹ் உதிக்கச் செய்கிறான்; ஆனால் பழகிய உள்ளத்தில்தான்.

நம் முதலாளிமார் சிலரோ, வியாபாரம் சற்று மாறினால், “மனதில் பட்டது” என்று நெடுநாள் வேலையாளை நிறுத்திவிடுகிறார்கள். பட்டது மனதிலா, கோபத்திலா?

ஹிஜ்ரி 2-இல் பத்ருக்களத்தில் பாசறை இறங்கிய இடம் இறைக்கட்டளையா, தங்கள் யோசனையா என்று ஹுபாப் (ரலி) கேட்டார்கள். யோசனைதான் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். தோழர் காட்டிய நீர்நிலைக்குப் பாசறையையே மாற்றினார்கள்.

அந்தக் கேள்வியை நம் கடைச் சிப்பந்தி கேட்டால், மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா?